மூணாவது ரவுட்டர்

அட, மூணாவதையும் ஆன் பண்ணீட்டீங்களா? இல்லீங்க, தப்பில்லீங்க. பழைய சாமான் வாங்கறவங்க ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துத்தான் வாங்கோணும். நானும் உக்கடத்துல அப்படித்தான் வாங்குனன். ரெண்டு நல்லா ஓடுச்சே, அந்த நம்பிக்கைல மூணாவத அப்படியே பையில போட்டுக்குவீங்கன்னு நெனச்சுட்டன். அவ்வளவுதானுங்க.

லேப்டாப்ல வந்ததப் படிச்சுட்டீங்களா? இங்கிலீஷ் எழுத்துல தமிழ் எழுதியிருக்கறன், படிக்கக் கொஞ்சம் செரமந்தான். ரவுட்டருக்குள்ள நொழையறப்ப மொதல்ல ஒரு அறிவிப்பு வருமில்லீங்க? ‘அனுமதி இல்லாதவங்க உள்ள வராதீங்க’ன்னு கம்பெனிக்காரங்க போட்டு வைப்பாங்களே, அந்த எடத்துலதான் இத எழுதி வச்சிருக்கறன். வெள்ளியங்கிரி யாருன்னு கேக்கறீங்க. சொல்றன். சித்த மெதுவாப் பேசிக்குவோம், உள்ள சுகந்தி காப்பி போட்டுட்டு இருக்கறா. என்ற ஊட்டுக்காரிக்கு இது ஒண்ணும் தெரியாதுங்க.

மூணு வருசத்துக்கு முன்னால நான் கேபிள் இண்டர்நெட்காரங்ககிட்ட லைன்மேன். கம்பத்துல ஏறறது, வயர் இழுக்கறது, ஊட்டுக்காரங்ககிட்டத் திட்டு வாங்கறது, இதுதான் சோலி. வயசு முப்பத்தஞ்சு ஆயிருச்சு. இப்படியே கம்பத்துலயே காலம் போயிருமோன்னு ஒரு பயம். நெட்வொர்க் பரீட்சை பாஸ் பண்ணீட்டா ஏசி ரூம்புல உக்காந்து வேல பாக்கலாம்னாங்க. செரின்னு படிக்க உக்காந்துட்டன்.

கம்ப்யூட்டர்லயே ரவுட்டர் மாதிரி நடிக்கற சாப்ட்வேர் இருக்குது, அதுல பழகுனாப் போதும்னு எல்லாருஞ் சொல்லுவாங்க. நீங்களும் அதுலதான் ஆரம்பிச்சிருப்பீங்க. ஆனா அதுல தப்புப் பண்ணுனா எதுவும் கெடாது பாருங்க, அதனால தப்பு மேல பயமே வர்றதில்ல. எனக்குக் கைல தொட்டாத்தான் மண்டைல ஏறும். அதான் உக்கடத்துக்குப் போனன், இஸ்மாயில் பாய் கடைக்கு. பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர், கம்பெனிக்காரங்க கழிச்சுக் கட்டுனது எல்லாம் அங்க மலையாட்டக் குமிஞ்சு கெடக்கும்.

இந்த மூணும் ஒரே சாக்குல கெடந்துச்சுங்க. மூணோட நெத்திலயும் சந்தனம், குங்குமம். முந்தின ஏதோ ஒரு வருசத்து ஆயுத பூசைக்கு வச்சது. பாருங்க, இதுல ஓரத்துல இன்னும் லேசா செவப்பு இருக்குது. நான் தொடைக்கவே இல்ல. பாய் சிரிச்சுட்டே சொன்னாரு, “பொட்டு வச்ச மெசினுங்க, நல்ல எடத்துல வளந்த புள்ளைங்க, தைரியமாக் கூட்டீட்டுப் போங்க”ன்னு. ஊட்டுக்குக் கொண்டாந்து ஆன் பண்ணுனா மாவு மில்லாட்டம் சத்தம். சுகந்தி ஓடி வந்து, “ஊர்ல இருக்கறவன்லாம் பழைய இரும்பக் கொண்டுபோயி உக்கடத்துல போடறான், நீங்க உக்கடத்துல இருந்து ஊட்டுக்குக் கொண்டாறீங்க”ன்னா. அந்த வார்த்தைய இன்னும் சொல்லிக் காட்டுவா.

பழைய ரவுட்டர் வாங்குனா மொதப் பாடம் என்ன? பழைய ஆளு வச்ச பாஸ்வேர்டு நமக்குத் தெரியாது, அதச் சுத்திப் போயி உள்ள நொழையோணும். உங்களுக்கும் புத்தகத்துல அதுதான் மொதல்ல வரும். அதுக்கு அடுத்த வரி என்னன்னா, உள்ள நொழைஞ்ச ஒடனே பழசப் பூராத்தையும் அழிச்சுருங்க. நான் அழிக்கலீங்க. படிச்சுப் பாத்தன். தப்புன்னு சொல்ல முடியாது, ஒரு ஆசைதான். அடுத்தவங்க ஊட்டுக் கதவு தொறந்திருந்தா எட்டிப் பாக்கறதில்லையா? நீங்க பாக்க மாட்டீங்களா? செரி, நான் பாத்தன்.

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி. பேரு வேண்டாங்க. உள்ள ஒவ்வொரு லைனுக்குப் பக்கத்துலயும் ஒரு குறிப்பு எழுதி வச்சிருந்தாரு ஒரு மனுசன். அதுவும் இப்படித்தான், இங்கிலீஷ் எழுத்துல தமிழ். ‘சாயப்பட்டறை லைன். மழை பேஞ்சாப் போயிரும்.’ ‘செக்கிங் செக்சன். வயர் மேல டீ ஊத்தாதீங்க.’ ‘மொதலாளி ரூம்பு. இத நிறுத்தறதுக்கு முன்னால என்னையக் கேளுங்க, வெள்ளியங்கிரி.’ எனக்குச் சிரிப்புத் தாங்கல. மூஞ்சி தெரியாது, வயசு தெரியாது, ஆனா அந்தாளு குரலு மட்டும் காதுல கேட்டுச்சுங்க.

சிரிச்சது மொத நாளு. பொறகு பாத்தா, அத்தன சுத்தம். எந்தப் புத்தகத்துலயும் அப்படி இருக்காது. எது எதுக்கு, ஏன் அங்க, எல்லாம் எழுதியிருந்தாரு. ஆறு மாசம் விடியால வேலைக்குப் போறதுக்கு முன்னால உக்காந்து, அவரு பண்ணுனதப் பாத்துப் பாத்து நானும் பண்ணிப் பழகுனன். பரீட்சைல பாஸானது பாதி என்ற மூளை, பாதி அவரு மூளை. இத நான் எப்பவுமே சொல்லுவன். யார்கிட்டன்னு கேக்காதீங்க, மனசுக்குள்ளதான்.

பாஸ் பண்ணீட்டன், வேலைதான் கெடைக்கல. எல்லாப் பக்கமும் அனுபவம் இருக்குதா, அனுபவம் இருக்குதான்னு ஒரே கேள்வி. ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம், கறிச்சோறு தின்னுட்டு சும்மா உக்காந்திருந்தன். அப்பத்தான் தோணுச்சு, ரவுட்டர்ல இருக்கற இந்தப் பாஸ்வேர்டெல்லாம் அந்தக் கம்பெனில இன்னும் மாத்தாமயா வச்சிருப்பாங்கன்னு. ஊட்டுல இருந்தே நெட்டு வழியா சும்மா தட்டிப் பாத்தன். சும்மாதானுங்க. தொறந்துக்கிச்சு.

ஒண்ணையும் தொடலீங்க, அம்மா சத்தியமா. அப்படியே வெளிய வந்துட்டன். வந்துட்டு, அந்தக் கம்பெனி மேனேஜருக்கு ஒரு மெயில் எழுதுனன். ‘ஐயா, நீங்க கழிச்ச ரவுட்டர்ல உங்க கம்பெனிச் சாவி அப்படியே இருக்குது, இன்னும் தொறக்குது, கெட்டவங்க கைல கெடைச்சிருந்தா என்ன ஆகறது’ன்னு. நல்லதுக்குத்தானுங்க எழுதுனன். வெள்ளியங்கிரிக்கே எழுதியிருக்கலாமேன்னு கேப்பீங்க. அவரு மெயில் அட்ரசும் அதுலயே இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா பெரியவங்களுக்குச் சொல்றதுதான முறை? பயோடேட்டாவையும் சேத்து அனுப்புனன். யாரு எழுதறாங்கன்னு அவங்களுக்குத் தெரியோணுமில்லீங்க? அதுக்காகத்தான்.

சிரிக்கறீங்க. சிரிங்க. சட்டைய இஸ்திரி போட்டு எடுத்த போட்டோ ஒட்டுன பயோடேட்டாங்க அது.

மூணாம் நாளு போன் வந்துருச்சு. போனன். மேனேஜரு ஒரு காலி நாற்காலியக் காட்டி, “பழைய ஆளு நொம்ப அசால்ட்டு, வேலைல இருந்து தாட்டி உட்டாச்சு, நீங்க நாளைக்கே வந்துருங்க”ன்னாரு. நாற்காலிக்குப் பின்னால ஆணில ஒரு கறுப்புக் குடை தொங்குச்சு. மரக் கைப்பிடி, அதுல வெள்ளை நூலு சுத்தியிருந்துச்சு. அதப் பாத்ததும் மனசு பொக்குனு போயிருச்சுங்க. தாட்டி உடுவாங்கன்னு நான் நெனைக்கவே இல்ல. திட்டுவாங்க, ஒரு நாள் சம்பளத்தப் பிடிப்பாங்க, கூட ஒரு ஆளா என்னையப் போடுவாங்க, அப்படித்தான் நெனச்சன். ஆனாலும் அன்னைக்கு என்னையே நான் தேத்திக்கிட்டன். கவனமா இருக்க வேண்டியது அவரு கடமை, நானா அழிக்காம உக்கடத்துக்கு அனுப்புனன், அப்படீன்னு.

மூணு மாசம் நல்லாத் தூங்குனன். நாலாம் மாசம் கம்பெனிப் பழைய மெயிலையெல்லாம் தேடறப்ப ஒண்ணு கண்ணுல பட்டுச்சு.

வா சுகந்தி. இங்க வையி. இவங்க சூலூர்ல இருந்து வந்திருக்கறாங்க, கொழந்த பொறந்ததும் வேலைய உட்டவங்க, மறுக்காப் படிக்கறாங்களாம். ஆமா, மூணும் எடுத்துக்குவாங்க. … ஆரம்பிச்சுட்டா பாருங்க. மெயில் போட்டே வேல வாங்குன மனுசன்னு யாரு வந்தாலும் சொல்லுவா. செரி செரி, நீ போயி பொண்ணுக்குச் சோத்தப் போடு.

போயிட்டா. காப்பியக் குடிங்க, ஆறிப்போகுது.

அந்த மெயிலு இப்படீங்க. அக்டோபர் இருவத்தி ரெண்டு, காத்தால ஒம்பது பத்துக்கு அனுப்புனது. ‘ஐயா, நேத்து மழைக்கு சாயப்பட்டறை லைன் போச்சுன்னு நான் அங்க போயிருந்தேன். அந்த நேரத்தில் ஆயுத பூசைக்குச் சுத்தம் பண்றோம்னு ஸ்டோர்ல இருந்து மூணு பழைய ரவுட்டரையும் வெளிய அனுப்பிவிட்டார்கள். நான் அழித்துக் கொடுத்த பிறகுதான் அனுப்ப வேண்டும் என்று முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதில் நம் பாஸ்வேர்டு எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். ரெண்டு மணி நேரம் லைனை நிறுத்த அனுமதி வேண்டும். இப்படிக்கு வெள்ளியங்கிரி.’ அதுக்குக் கீழ மேனேஜரு பதிலு, ஒரே வரி. ‘ஷிப்மெண்ட் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.’ அதுக்கப்புறம் அந்த மனுசன் மூணு தடவ கேட்டிருக்காருங்க. மூணு தடவையும் அப்புறம், அப்புறம்.

அந்த மேனேஜருதான் எனக்கு மேல இருக்கறவரு. இன்னைக்கும் அவருதான்.

நான் என்ன பண்றது, சொல்லுங்க? அந்த மெயிலத் தூக்கீட்டு மொதலாளிகிட்டப் போனா, ‘இத எடுத்துக் குடுக்கறவன் யாரு, எங்க கதவத் தட்டிப் பாத்தவனா’ன்னு கேப்பாங்க. அன்னைக்கு நல்லவனாத் தெரிஞ்சது நாளைக்குத் திருடனாத் தெரியும். பொண்ணு அஞ்சாவது படிக்கறா. சுகந்தி ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கறா. அதுக்குன்னு எதுவுமே பண்ணாம இருக்கல. அன்னைக்கே ஊட்டுக்கு வந்து, எழுத்து உடாம, தேதி உடாம, மேனேஜரு பதிலோட இந்த ரவுட்டர்ல எழுதி வச்சன். அடில நான் ஒரு வரி சேத்துனன், படிச்சிருப்பீங்க. ‘வெள்ளியங்கிரி மேல தப்பு இல்லை. தப்பு என் மேல். பூபதி.’ எழுதுனதும் ஒரு பாரம் எறங்குனாப்புல இருந்துச்சுங்க. யாராச்சும் உள்ள நொழைஞ்சாப் படிக்கட்டும்னுதான் எழுதுனன். யாரு நொழைவாங்க? பெட்ரூம்பு பீரோவுக்கு மேல இருக்கற ரவுட்டர்ல?

போன வருசம் கம்பெனில மெயிலப் பூரா புது எடத்துக்கு மாத்துனாங்க. மாத்துனது நான்தான். வேலைய உட்டவங்க மெயிலையெல்லாம் கொண்டுபோகோணுமான்னு மேனேஜர்கிட்டக் கேட்டன். வேண்டாம்னாரு. மேனேஜரோட பழைய மெயிலு? அதும் வேண்டாம்னுட்டாரு. பழைய டிஸ்க முறைப்படி அழிச்சு, அழிச்சாச்சுன்னு கையெழுத்தும் போட்டுக் குடுத்தன். அந்த ஒண்ண மட்டும் எடுத்து வச்சிருக்கலாம். மறந்துட்டன்னு சொன்னா நம்புவீங்களா? நானே நம்பறதில்லீங்க.

இப்ப ஏன் விக்கறன்னா, போன செவ்வாக்கெழமை வெள்ளியங்கிரியப் பாக்கப் போனன். இப்ப அவிநாசில கேமரா மாட்டற கடை வச்சிருக்காரு, பத்தடிக்கு எட்டடி. சொல்லீரோணும், கால்ல உழுந்தாவது சொல்லீரோணும்னுதான் போனன். தூறல் போட்டுட்டு இருந்துச்சு, ஆபீசுல கைக்குக் கெடைச்ச குடையப் பிடிச்சுட்டுப் போயிட்டன். கடை வாசல்ல மடக்கறப்பத்தான் பாக்கறன், அவரு குடை. அவரும் பாத்தாரு. “எங்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சுங்க, கைப்பிடி வழுக்குதுன்னு இப்படித்தான் நூலு சுத்தி வச்சிருந்தன்”ன்னாரு. அவ்வளவுதான். குடையப் பத்தி வேற எதும் கேக்கல. பேரு கேட்டாரு. வாயில வந்த பேரச் சொல்லீட்டன்.

நல்ல மனுசனுங்க. திட்டியிருந்தாக் கூட நல்லா இருந்திருக்கும். டீ வாங்கிக் குடுத்தாரு. நானும் நெட்வொர்க்குதான், திருப்பூர்ப் பக்கம்னு சொன்னதுக்கு அவரு பழைய கம்பெனிக் கதைய எடுத்தாரு. “எனக்குப் பொறகு அங்க வந்தவன் பாவமுங்க. மழை பேஞ்சா அவனத்தான் போட்டுத் திட்டுவாங்க. சாயப்பட்டறைக்குப் போற வயரு, நடுவுல புளியமரத்துக்கிட்ட ஒரு டப்பால சேருது. டப்பா மூடி மேல பாத்து இருக்குது, தண்ணி எறங்கீருது. கவுத்து மாட்டுனாப் போதும். பெரிய ஏணி கேட்டு எழுதிக் குடுத்தன், ஸ்டோர்ல கடைசி வரைக்கும் வாங்கித் தரல. அங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா அவங்கிட்டச் சொல்லி உடுங்க”ன்னாரு.

பொறகு அவரே சொன்னாரு. ஒரு காலேஜுல நெட்வொர்க் பாக்கறதுக்கு ஆள் கேக்கறாங்களாம். எல்லாம் பிடிச்சுப் போச்சு, பழைய கம்பெனில ஏன் நிறுத்துனாங்கங்கறது மட்டுந்தான் இடிக்குது. “என்ற மேல தப்பில்லைன்னு காட்ட ஒரு மெயிலு இருந்துச்சுங்க. ஆனா அது கம்பெனி மெயில்ல இருக்குது. கேட்டுப் போன் பண்ணுனன், எடுக்கவே மாட்டேங்கறாங்க. திங்கக்கெழமைக்குள்ள காட்டலைன்னா வேற ஆளப் போட்டுக்குவாங்க. செரி, வெசனப்பட்டு என்ன பண்றது”ன்னாரு. திங்கக்கெழமைன்னா நாளைக்குத்தானுங்க.

நான் என்ன சொன்னன்? “ஆண்டவன் இருக்காருங்க”ன்னன். சொல்லீட்டு பஸ் ஏறீட்டன்.

அடுத்த நாளு புளியமரத்துக்குப் போனன். கம்பம் ஏறுனவனுக்கு ஏணி எதுக்கு? ரெண்டு நிமிசம். கவுத்து மாட்டீட்டு எறங்கீட்டன். அன்னைக்குச் சாயந்தரம் கொட்டு கொட்டுன்னு கொட்டுச்சு, லைனு போகல. பத்து வருசத்துல மொத தடவையாம். மேனேஜரு எல்லாரும் இருக்கறப்ப என்ற தோள்ல கை போட்டு, “ஆளுன்னா இவன் ஆளு, பழையவனும் இருந்தானே”ன்னாரு. எல்லாருங் கை தட்டுனாங்க. நானும் சிரிச்சன். அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க. விடிஞ்சதும் மொதச் சோலியா, ரவுட்டர் விக்கறன்னு விளம்பரம் போட்டன். கண்ணு முன்னால இல்லாட்டி மறந்துருமில்லீங்க?

என்னங்க, போனைக் கையில எடுக்கறீங்க? போட்டோ வேண்டாங்க. காலேஜுக்கா? இல்லீங்க, வேண்டாங்க. ரவுட்டர்ல எழுதுனத எவன் நம்புவான்? என்ற பேரு இருக்குது பாருங்க அதுல. நீங்க நல்லதுக்குத்தான் சொல்றீங்க, எனக்குத் தெரியுது. நானும் அன்னைக்கு நல்லதுக்குத்தான் மெயில் போட்டன், என்ன ஆச்சு? நீங்க போனை உள்ள வையுங்க மொதல்ல.

இங்க குடுங்க லேப்டாப்ப. ஆமாங்க, அழிக்கத்தான் போறன். பழைய ரவுட்டர வெளிய அனுப்பறதுக்கு முன்னால அழிச்சுத்தான் அனுப்போணும். அதுதான முறை? வெள்ளியங்கிரியே எழுதியிருக்காரே, நீங்களே படிச்சீங்களே.

அது ஒரு தடவ கேக்கும், அழிக்கட்டுமா, நிச்சயந்தானான்னு. எண்டர் தட்டுனாப் போதும். நீங்க தட்டுங்க. வாங்கறவங்க நீங்கதான, உங்க கையாலயே தட்டுங்க. ஏன் கைய எடுத்துட்டீங்க? ஒரு பட்டன்தானுங்க. செரி உடுங்க, நானே தட்டறன்.

ஆச்சு.

பாருங்க, மறுக்கா ஆன் ஆகுது. அறிவிப்பு இல்ல, குறிப்பு இல்ல. பேரு கூட இல்ல, வெறும் ரவுட்டர்னு நிக்குது. எதும் நடக்காத மாதிரி, புதுசா அமைக்கட்டுமான்னு கேக்குது. அவ்வளவுதானுங்க, முடிஞ்சுது. இனி யாருகிட்டயும் இல்ல. நீங்க மூணையும் தாராளமா எடுத்துட்டுப் போலாம். அட்டப்பெட்டி இருக்குது, நானே கட்டிக் குடுத்து பஸ்ஸு வரைக்கும் கொண்டாந்து…

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? காப்பி அப்படியே இருக்குது.

என்ன கேட்டீங்க? அந்த மெயில நான் சொன்னப்ப எதப் பாத்துச் சொன்னன்னா?

தேதியும் சொன்னன். ஆமாங்க, ஒம்பது பத்துன்னு நேரமுஞ் சொன்னன். மேனேஜரு பதிலும்… ஸ்கிரீனப் பாத்துத்தான சொன்னன்?

இல்லீங்களா?

அப்ப லேப்டாப் உங்க பக்கந்தானுங்க திரும்பி இருந்துச்சு.